கரப்பானுக்கு மீசை முளைத்த மாதம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று நூற்றுப் பத்துக் கட்டு போட்டேன். எண்ணினேன். வேறு வேலை கொடுக்கப்படாத மூளை எண்ணத்தானே செய்யும்?

எங்கள் பட்டறையில் பேனல் செய்கிறோம். தண்ணீர் பம்புக்கும் லிஃப்டுக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி. அதற்குள் ஓடும் ஒயர்களை வாரிச் சேர்த்து, ஒழுங்காக வளைத்து, நாலு விரல் இடைவெளிக்கு ஒரு கேபிள் டை, அதாவது பிளாஸ்டிக் பட்டை, போட்டு இறுக்குவது பெண்கள் வேலை. கட்டி முடித்த பெட்டியில் மின்சாரம் விட்டு, மீட்டர் பிடித்துச் சோதிப்பது ஆண்கள் வேலை. மீட்டர் பிடிக்கத்தான் நானும் இரண்டு வருடம் படித்தேன். பிறகு ஏன் இப்படி என்று போன வருடம் போர்மேனிடம் கேட்டேன்.

"உங்களுக்குக் கை சுத்தம்மா. ஒயர் சடை பின்னின மாதிரி நிக்குது பாரு. இது இவனுங்களுக்கு வருமா?"

அப்போது பாராட்டு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது பூட்டு என்று புரிந்துவிட்டது.

சரி, கரப்பான் விஷயத்துக்கு வருகிறேன். ரிமோட்டில் ஓடும் மின்சாரக் கார். முழ நீளம். பழைய சாமான் கடையில் வெறும் சட்டமாகக் கிடந்ததை எடுத்து வந்து ஐந்து மாதமாகச் செய்தேன். பழுப்பு நிறம், சுவரோரமாகச் சரசரவென்று ஓடும். அண்ணி வைத்த பெயர் அது. செய்வது நான், ஓட்டுவது அண்ணி. என் கையில் ரிமோட் இருந்தால் கார் ஓடாது, மோதும்.

மார்ச் 29 கிளப் பந்தயம். போன ஞாயிறு முதன்முதலாக அவர்கள் பாதையில் இறக்கினோம். பக்கத்தில் இருக்கும்வரை நல்ல பிள்ளை. தூரம் போனதும் பேய் பிடித்த மாதிரி முன்சக்கரங்கள் இடம் வலம் என்று உதறின. என்ன கேடு அதற்கு?

மார்ச் 5, வியாழன்

சாப்பாட்டு இடைவேளையில் பட்டறைக்குப் பின்னால் உள்ள சந்தில் ஓட்டிப் பார்த்தேன். கோளாறு தேட எல்லாவற்றையும் அவிழ்த்திருந்தேன். மேல்மூடி இல்லை, ஒயர்கள் குடல் சரிந்த மாதிரி வெளியே கிடந்தன, பின்னால் வால் போல ஒன்றிரண்டு இழுபட்டுக்கொண்டே வந்தன. எண்பது தப்படி தள்ளி நின்று ரிமோட்டை அழுத்தினேன். ஒரு உதறல் இல்லை. நேராகப் போய் நேராக வந்தது. (கடைசியில் குப்பைத்தொட்டியில் மோதியது. அது என் கை.)

அப்படியென்றால் கோளாறு காரில் இல்லை. அந்த இடத்தில் இருக்கிறது. அல்லது அங்கே வருகிற ஆட்களிடம்.

மார்ச் 7, சனி

ஒயர்களையெல்லாம் வாரிக் கட்டி முடித்தேன். பதினான்கு டை. மூடியைத் திறந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அறைக்குள் ஓட்டிப் பார்த்தோம். கட்டிலுக்கடியில் போய், அண்ணனின் ஒற்றைச் செருப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. நாளை பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 8, ஞாயிறு

பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

கிளப் இருப்பது சந்தைக் கட்டடத்தின் மேல்தளத்தில். மற்ற நாளெல்லாம் நிஜக் கார்கள் நிற்கிற இடம். ஞாயிறு காலை மட்டும் பழைய டயர்களையும் தண்ணீர்க் குழாய்களையும் போட்டு வளைத்துப் பாதை அமைக்கிறார்கள். மடக்கு நாற்காலி, வெயிலுக்குப் பெரிய குடை, பெட்டிக்குள் பெட்டியாக வைத்த கார்கள். செயலாளர் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அதை ஊதாமல் அவருக்கு ஒரு வாக்கியமும் ஆரம்பிக்க வராது. நாங்கள் அவரை விசில் என்றுதான் சொல்கிறோம். கீழே வாசலில் கொடும் வெயிலில் நிற்கும் காவலாளிக்கு மட்டும் குடை கிடையாது.

இரண்டு சுற்று நன்றாகப் போனது. மூன்றாவதில், தூரத்து வளைவில், உதறல். அண்ணி கட்டைவிரலை எடுத்துவிட்டாள், கரப்பான் நிற்கவில்லை. முழு வேகத்தில் டயரைத் தாண்டிக் குதித்து, பக்கத்துப் பாதையில் வந்த ஒரு நீலக் காரின் முன்பக்கம் ஏறியது. நீலக் காரின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை உடைந்தது. சொந்தக்காரன் ஒரு இளைஞன். கறை படியாத வெள்ளை ஷூ, வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை.

விசில் ஊதியது. "யாரும்மா ஓட்டினது?"

அண்ணி கையைத் தூக்கினாள், வகுப்பில் மாட்டிக்கொண்டவள் மாதிரி. "நான்தான் சார். ஆனா நான் திருப்பல. அதுவா திரும்பிச்சு."

"அதுவா திரும்ப அது என்ன ஆட்டுக்குட்டியா?"

நாற்காலிகள் சிரித்தன. எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், எங்க வண்டி சந்துல எண்பது தப்படி ஒழுங்கா ஓடுது. இங்க வந்தா மட்டும்தான் கெட்டுப்போகுது. இதோ இவர் ரிமோட்டை எடுத்தாருல்ல, அப்பத்தான் உதறுச்சு. இவங்க புது ரிமோட்டெல்லாம் எங்க பழைய ரிமோட்டை அமுக்குது." விரலை நீட்டிச் சொன்னேன். வெள்ளை ஷூ ஒரு அடி பின்னால் போனான்.

"இல்லைங்க, என்னோடது வேற அலைவரிசை. உங்க செட்டும் என் செட்டும் பேசிக்கவே பேசிக்காது."

"எங்களோட பேசிக்காம இருக்கிறது உங்க பழக்கம். காத்து எல்லாருக்கும் பொதுதானே?"

விசில் மறுபடி. தீர்ப்பு இதுதான்: இருபத்திரண்டாம் தேதி, எல்லார் முன்னாலும், பத்து நிமிடம், ஒரே ஒரு உதறல்கூட இல்லாமல் கரப்பான் ஓட வேண்டும். இல்லாவிட்டால் இந்த வருடம் முழுக்கப் பாதையில் இறங்கக்கூடாது. "மனுஷங்க கால் நிக்கிற இடம்மா இது. அப்புறம், அந்தத் தம்பியைச் சொன்னீங்களே, அது தப்புன்னு தெரிஞ்சா அதையும் எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

"சொல்றேன் சார். சரின்னு தெரிஞ்சா நீங்க சொல்வீங்களா?"

தீர்ப்பில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல்.

பஸ்ஸில் அண்ணி ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். இறங்குகிற நேரத்தில் சொன்னாள்: "ஓட்டுறதுன்னு எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்டி."

எனக்குத் தெரியும். அண்ணன் பார்சல் வேன் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை வேன் வீட்டு வாசலில் சும்மாதான் நிற்கும். அண்ணிக்கு உரிமம் இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்பே எடுத்தது. சாவியைக் கேட்டால் அண்ணனின் பதில் நாலு வருடமாக ஒன்றுதான்: "உனக்கு ரிவர்ஸ் வராது." வருமா வராதா என்று பார்க்க ஒருநாளாவது கொடுத்தானா?

மார்ச் 9, திங்கள்

கோபம் ஆறவில்லை. நாற்பது கட்டு கூடுதலாகப் போட்டேன். போர்மேனுக்கு மகிழ்ச்சி.

மார்ச் 10, செவ்வாய்

திட்டுவதை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தேன். டைகளை வெட்டி, மோட்டாரைக் கழற்றி வெளியே எடுத்தேன்.

இந்த மாதிரி மோட்டாருக்குள் இரண்டு கார்பன் துண்டுகள் சுழலும் செம்பை உரசிக்கொண்டே இருக்கும். உரசுகிற இடத்தில் பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி வானொலி நிலையம். அர்த்தமே இல்லாமல் கத்தும். அந்தக் கத்தலுக்கு நடுவில் ரிமோட் "இடது பக்கம் திரும்பு" என்று சொன்னால், சந்தைக் கூட்டத்தில் ரகசியம் சொன்ன கதைதான். காருக்குள் இருக்கும் ரிசீவர் தன் காதில் விழுந்ததைச் செய்யும். கத்தலை அங்கேயே அமுக்கத்தான் மோட்டாரின் முதுகில் பட்டாணி அளவில் கண்டென்சர்கள் வைப்பார்கள். கரப்பானில் மூன்று இருக்க வேண்டும். ஒன்று காலொடிந்து கிடந்தது, ஒன்று இல்லவே இல்லை. மூன்றையும் புதிதாகப் பற்றவைத்தேன். கார்பன் துண்டுகளையும் மாற்றினேன்.

மதியம் சந்தில் ஓட்டினேன். தொண்ணூறு தப்படி. சுத்தம்.

ஆனால் முன்பும் சந்தில் ஓடியதே? இது சரியானதற்கு அடையாளமா, இல்லையா? போர்மேன் ஜன்னல் வழியாகப் பார்த்து, "சின்னப் பிள்ளையா நீ?" என்றார். "ஆமா சார்" என்றேன்.

மார்ச் 12, வியாழன்

இன்று ஒரு நல்ல காரியம் செய்தோம். சாயங்காலம் வேலை முடிந்து நேராகச் சந்தைக் கட்டடத்துக்கே போனோம். காவலாளியிடம் கேட்டேன்.

"மேல கார் எல்லாம் போயிடுச்சு. ஓட்டுங்க, ஓட்டுங்க. ஒரு வாட்டி என் கையிலயும் குடுப்பீங்களா?"

கொடுத்தோம். மனிதர் ஒரே சுற்றில் மூன்று தூணில் மோதிவிட்டு, "பிரேக் எங்க இருக்கு?" என்று கேட்டார். பிரேக் கிடையாது என்றதும் ரிமோட்டைப் பாம்பு மாதிரி திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு அண்ணி. மூடி இல்லாமல், ஒயர்கள் தொங்க, பதினைந்து நிமிடம். அதே வளைவு, அதே தூரம். ஒரு பிசிறு இல்லை. கார் நம்மைப் பார்த்து வரும்போது இடதும் வலதும் மாறிவிடும். அங்கேதான் எல்லாரும் தடுமாறுவார்கள், நான் அழுதேவிடுவேன். அண்ணி அங்கேதான் வேகத்தைக் கூட்டுகிறாள்! "எப்படி அண்ணி?" என்றால், "வண்டிக்குள்ள நான் உக்காந்திருக்கேன்னு நெனச்சுக்குவேன், அவ்வளவுதான்" என்கிறாள்.

ஆக, அதே இடம், அதே கார். அந்த ஆட்கள் மட்டும் இல்லை. ஓடுகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஞாயிறு வரட்டும். வெள்ளை ஷூவின் மேல் சேறு அடிக்கப்போகிறேன்.

மார்ச் 14, சனி

மறுபடி கட்டினேன், இந்தத் தடவை இருபது டை, எல்லாம் கறுப்பு. ஆன்டெனா ஒயர் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு அசிங்கமாக நின்றது. அதையும் சுருட்டி, மோட்டார் ஒயரோடு சேர்த்துப் பின்னிவிட்டேன். அண்ணி பார்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு" என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு

ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே உதறல். பாதி தூரம்கூடப் போகவில்லை. நான் காத்திருந்தது இதற்குத்தானே? எழுந்து நின்றேன்.

"பாத்தீங்களா சார்? வியாழக்கிழமை இதே எடத்துல பதினஞ்சு நிமிஷம் ஓடுச்சு. இன்னிக்கு இவங்க எல்லாம் இருக்காங்க, ஓடல."

விசில் ஊதவில்லை. அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அமைதியாக எல்லாரையும் கூப்பிட்டார். பதினோரு ரிமோட்டுகளையும் அணைத்து, பேட்டரிகளைக் கழற்றி, மேஜைமேல் வரிசையாக வைக்கச் சொன்னார். வெள்ளை ஷூ தன்னுடையதை முதலில் வைத்தான். போன்களைக்கூட அணைத்துவிட்டார்கள். தூணில் ஒரு புறா கத்தியது மட்டும் கேட்டது.

"இப்ப ஓட்டுங்கம்மா."

அண்ணி அழுத்தினாள். கரப்பான் போனது. நேராக. அழகாக. முன்பு உதறிய அதே இடம் வந்தது. உதறியது, சுற்றியது, சுவரில் போய் முட்டி மல்லாந்தது. நாலு சக்கரமும் காற்றில் சுற்ற, நிஜக் கரப்பான் மாதிரியே கிடந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒருவன் தொண்டையைச் செருமினான். விசில் சொன்னார்: "இன்னும் ஒரு வாரம் இருக்கும்மா." அதை அன்பாக வேறு சொன்னார். ஐயோ, அந்த அன்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

மார்ச் 16, திங்கள்

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

மார்ச் 17, செவ்வாய்

அண்ணன் சாப்பிடும்போது ஆரம்பித்தான். "ஊர்ல இருக்கிற ரிமோட்டை எல்லாம் அணைச்சாங்களாமே! உன் கரப்பான் ஓடுறதுக்கு நாடே நிக்கணுமா?"

"அண்ணா, நீ வாயை மூடிட்டு சாப்பிடு."

"வாயை மூடிட்டு எப்படிச் சாப்பிடுறது?"

அண்ணி சிரித்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கும் சிரிப்பா? ஓட்டினது நீங்கதானே? ஒழுங்கா ஓட்டியிருந்தா..."

சொல்லியிருக்கக் கூடாது. அந்த நொடியே தெரிந்தது. அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அண்ணனே முறைத்தான். நாலு வருடமாக அவன் சொன்னதைத்தான் நான் வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறேன்.

போய் நின்றேன். "தப்பு அண்ணி. உங்க கையில ஒண்ணுமில்ல. எனக்குத் தெரியும்."

பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னாள். அண்ணி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். "எங்க கூடத்துல திடீர்னு எல்லாருக்கும் சர்க்கரை அதிகம்னு வந்தா, ஜனங்க இனிப்பு தின்னாங்கன்னு திட்டிட்டு உக்கார மாட்டோம். நேத்து சரியா வந்துச்சு, இன்னிக்குத் தப்பா வருது, நடுவுல நாம என்ன மாத்தினோம்? புது பாட்டில் தொறந்தமா? ஃபிரிட்ஜ் நின்னுச்சா? எழுதி வெச்சதைப் பொரட்டுவோம். நீ ஆளைத் தேடுற. நான் பாட்டிலைத் தேடச் சொல்றேன்."

"நான் ஒண்ணும் மாத்தலையே."

"தெனமும் ஒரு நோட்டுல என்னத்தையோ கிறுக்குறியே, அதைப் பாரு."

மார்ச் 18, புதன்

பார்த்தேன்.

ராத்திரியே மூன்றாம் தேதியிலிருந்து படித்தேன். முதலில் என் கோபத்தைப் படிக்க எனக்கே அலுப்பாக இருந்தது. பிறகு ஒரு காகிதத்தில் இரண்டு வரிசை போட்டேன். ஓடிய நாள்: வியாழன், செவ்வாய், வியாழன். ஓடாத நாள்: ஞாயிறு, ஞாயிறு, ஞாயிறு. சரி, ஞாயிறு என்றால் அவர்கள். ஆனால் அவர்கள் அணைத்துவிட்டார்களே? அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமையில் வேறு என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கு முன் சனி இருக்கிறது.

"ஒயர்களையெல்லாம் வாரிக் கட்டி முடித்தேன்." "மறுபடி கட்டினேன், இந்தத் தடவை இருபது டை." என் கையெழுத்து. முதல் ஞாயிறுக்கு முந்தின நாளும் கட்டித்தான் எடுத்துப்போனேன். ஓடிய நாளில் எல்லாம்? மூடி இல்லை. குடல் வெளியே. வால் இழுபட்டது.

அடிப்பாவி!

காலையில் அண்ணியை வேலைக்குப் போகவிடாமல் சந்துக்கு இழுத்துப் போனேன். கரப்பானைக் கட்டியபடியே ஓட்டினோம். முப்பத்தைந்தாவது தப்படியில் உதறல். கத்தரிக்கோலால் ஒரே ஒரு வேலை செய்தேன். ஆன்டெனாவைப் பிடித்திருந்த டைகளை மட்டும் வெட்டி, அந்த மெல்லிய ஒயரைச் சுருளிலிருந்து பிரித்து வெளியே தொங்கவிட்டேன். தொண்ணூறு தப்படி. சந்தே முடிந்துவிட்டது. மறுபடி கட்டினேன்: முப்பத்தைந்து. அவிழ்த்தேன்: தொண்ணூறு. ஆறு தடவை செய்தோம். ஏழாவது தடவை அண்ணி, "போதும்டி, எனக்கு பஸ் போயிடும்" என்றாள்.

ஆன்டெனாதான் ரிசீவரின் காது. பொறி பறக்கும் கத்தலைச் சுமந்து போவது மோட்டார் ஒயர். காதைப் பிடித்து இழுத்து, கத்துகிறவன் வாயோடு சேர்த்து, தப்பித்துவிடாதபடி இருபது இடத்தில் கட்டியிருக்கிறேன். அறைக்குள் ஓட்டினால் தெரியாது. ரிமோட் பக்கத்திலேயே இருக்கிறது, அது சொல்வது எப்படியும் கேட்டுவிடும். தூரம் போனால்தான் கத்தல் ஜெயிக்கும். எவ்வளவுக்கெவ்வளவு அழகாகக் கட்டினேனோ, அவ்வளவுக்கவ்வளவு அது செவிடு.

இதை வேறு எவரும் செய்திருக்க மாட்டார்கள். ஒயர் கட்டத் தெரியாதவன் சும்மா திணித்து மூடியிருப்பான், கார் ஓடியிருக்கும். இதற்கு என்னைப் போலக் கை சுத்தம் வேண்டும்.

மார்ச் 20, வெள்ளி

இரண்டு நாளாக ஒரே கேள்வி. சந்தில் ஓட்டும்போது கட்டத் தோன்றவில்லை. காவலாளி முன்னால் தோன்றவில்லை. ஞாயிறுக்கு மட்டும் ஏன் கட்டினேன்?

எழுதிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப்போகிறார்கள். அந்த மடக்கு நாற்காலிகளுக்காகக் கட்டினேன். யாராவது மூடியைத் திறந்து, "பழைய சாமான்" என்று உதட்டைப் பிதுக்கிவிடக் கூடாது என்று. அவர்களை மதிக்கவில்லை என்று வாய் கிழியப் பேசிக்கொண்டே, அவர்கள் கண்ணுக்காகச் சனிக்கிழமை சனிக்கிழமை சடை பின்னியிருக்கிறேன். வெட்கக்கேடு. யாரும் ஒரு தடவைகூட மூடியைத் திறந்து பார்க்கவில்லை என்பது அதைவிட.

அதற்காக எல்லாவற்றையும் நான் தப்பாகச் சொன்னேன் என்று ஆகாது. காவலாளிக்குக் குடை இல்லை. அது இன்னும் அப்படியேதான்.

மார்ச் 21, சனி

கட்டவில்லை. ஆன்டெனாவை ஒரு குளிர்பான ஸ்ட்ராவுக்குள் நுழைத்து, மூடியில் துளை போட்டு நிமிர்த்தி நிறுத்தினேன். மோட்டார் ஒயர்களை மட்டும் தனியே முறுக்கி மறுபக்கம் ஒதுக்கினேன். பார்க்கச் சகிக்கவில்லை. அண்ணி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இப்பத்தான்டி கரப்பானுக்கு மீசை மொளச்சிருக்கு."

மார்ச் 22, ஞாயிறு

முதலில் மன்னிப்புக் கேட்டேன். ஓடுவதற்கு முன்னால். ஓடி முடித்தபின் கேட்டால் அது பெருமை மாதிரி ஆகிவிடும். ஓடாமல் போனால் அழுகை மாதிரி ஆகிவிடும்.

"நான் இவரைச் சொன்னது தப்பு. இவர் ரிமோட் ஒண்ணும் பண்ணல, உங்க யாரோடதும் பண்ணல. நான்தான் ஆன்டெனாவை மோட்டார் ஒயரோட சேத்துக் கட்டினேன். அழகா இருக்கணும்னு கட்டினேன்." மூடியைத் திறந்து, பழைய கட்டு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று காட்டினேன். எல்லாரும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். கடைசியில் ஒருவழியாக மூடியைத் திறந்து பார்த்தார்கள், அதுவும் அலங்கோலமாக இருக்கும் நாளில்!

வெள்ளை ஷூ சொன்னான்: "பரவால்லைங்க. ஆனா அன்னிக்கு நீங்க விரலை நீட்டினப்ப, நெஜமாவே நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு நெனச்சுட்டேன். கடையிலயும் அப்படித்தான், யார் கத்தினாலும் நான்தான்னு தோணும்."

"எந்தக் கடை?"

"ஷூ கடை. நாள் பூரா குனிஞ்சு அடுத்தவங்க காலுக்கு மாட்டிவிடுறதுதான் வேலை. இதைப் போட்டுட்டுத்தான் நிக்கணும், அழுக்கானா முதலாளி திட்டுவாரு." நீலக் கார், முதலாளியின் மகனுக்கு அலுத்துப்போய்க் கொடுத்ததாம்.

என்னத்தைச் சொல்ல? இரண்டு வாரமாக ஒருத்தனுடைய சீருடையைப் பார்த்துச் சாபம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். (விசிலுக்கு மூன்று நிஜக் கார்கள். அதை விசாரித்துவிட்டேன். அங்கே நான் தப்பில்லை.)

பிறகு பத்து நிமிடம். விசில் கையில் கடிகாரம். ஆறாவது நிமிடத்தில் ஒரு சக்கரம் கல்லில் ஏறித் துள்ளியது. அண்ணி, "அது கல்லு சார், உதறல் இல்ல" என்றாள், கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமல். அவர் தலையாட்டினார். எட்டு. ஒன்பது. மீசை காற்றில் வளைந்து வளைந்து ஆட, கரப்பான் தூரத்து வளைவை ஒடித்துத் திரும்பி எங்களைப் பார்த்து வந்தது. அண்ணி அங்கே வேகத்தைக் கூட்டினாள். விசில் வாயிலிருந்த விசிலை ஊத மறந்து, பன்னிரண்டாவது நிமிடத்தில்தான் ஊதினார்.

"அடுத்த வாரம் வாங்கம்மா," என்றார். அப்புறம், ஆச்சரியம், "ஆட்டுக்குட்டி இல்ல, சரி" என்றார்.

போகிறபோக்கில் நானும் கேட்டுவிட்டேன்: "சார், இத்தனை குடை இருக்கே, ஒண்ணு கீழ வாசலுக்கு?"

மார்ச் 29, ஞாயிறு

பன்னிரண்டு வண்டியில் அண்ணி நாலாவது! கடைசிச் சுற்றில் நேர் எதிரே வருகிற வளைவில் மூன்று பேர் இடது வலது குழம்பி டயரில் சொருகினார்கள். அண்ணி நடுவில் புகுந்து வந்துவிட்டாள். வெள்ளை ஷூ இரண்டாவது. பந்தயத்துக்கு முன் அவன் தன் காரைத் திறந்து என்னிடம் காட்டி, "இதுல ஏதாவது கட்டு இருக்கா பாருங்க" என்றான். இருந்தது ஒன்று. வெட்டினேன். வெட்டாமல் இருந்திருந்தால் நாங்கள் மூன்றாவதாக வந்திருப்போமோ என்னவோ.

அண்ணன் வந்திருந்தான். சொல்லாமல் வந்து தூணுக்குப் பின்னால் நின்றிருக்கிறான். அண்ணி அந்த வளைவில் வேகத்தைக் கூட்டியபோது கத்தினது அவன்தான் என்று காவலாளி சொன்னார். குடைக்கடியில் உட்கார்ந்து சொன்னார்.

ஏப்ரல் 2, வியாழன்

திங்கட்கிழமை ஒரு பேனல் திரும்பி வந்தது. பம்பு மோட்டார் ஓட ஆரம்பித்தாலே தண்ணீர் மட்டம் காட்டும் விளக்கு பைத்தியம் பிடித்து ஆடுகிறதாம். சோதித்த ஆண்கள் மூன்று நாள் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்கள். இன்று நான் பெட்டியின் கதவைத் திறந்தேன். சடை. என்னுடைய சடைதான், எனக்குத் தெரியாதா?

"சார், சின்ன ஒயர் ரெண்டும் மோட்டார் ஒயர் கூட ஒரே கட்டுல இருக்கு. பிரிச்சு வேற பக்கமா கொண்டுபோகணும்."

"அசிங்கமா இருக்குமேம்மா."

"இருக்கும் சார். ஓடும்."

போர்மேன் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். பிறகு அந்தப் பையன்களில் ஒருவன் கையிலிருந்த மீட்டரை வாங்கி என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம்வரை யாரும் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

வேலை முடிந்து வெளியே வந்தால் சந்து முனையில் ஹார்ன். அண்ணனின் வேன். அண்ணன் இடம் மாறி உட்கார்ந்து, கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். சந்தின் அகலம் எனக்குத் தெரியும், வேனின் அகலமும் தெரியும். உள்ளே வந்து திருப்ப இடம் கிடையாது.

அண்ணி கண்ணாடியைப் பார்த்தாள். வேன் மெதுவாக, நேராக, பின்பக்கமாகவே என்னை நோக்கி வந்தது.